ரூட் உள்ளே விட மறுத்தால்: மைஎஸ்க்யூஎல் சர்வரில் நிர்வாகி உள்நுழைவுச் சிக்கல்கள்

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையிலிருந்து ஒரு 20-ஆம் தேதி மாலை அழைப்பு வந்தது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. "அண்ணா, ரூட் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். மூன்று மணி நேரமாக ரீசெட் செய்து பார்க்கிறேன், நடக்கவில்லை" என்றான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி. ரூட் என்பது, கடையின் தரவை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கு. திரையில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். 2002 என்றான். அந்த எண்ணுக்கும் கடவுச்சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டிஸ்க் நிரம்பி, சர்வரே நின்றுபோயிருந்தது. இடத்தைக் காலி செய்து சர்வரைத் தொடங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கடவுச்சொல்லே வேலை செய்தது.

அல்சூரில் இருந்துகொண்டு கடைகள், கிளினிக்குகள், பீன்யா பட்டறைகள் போன்ற சிறு இடங்களின் சர்வர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். "ரூட் உள்ளே விடவில்லை" என்று வரும் அழைப்புகளில் கடவுச்சொல் உண்மையிலேயே தவறாக இருப்பது குறைவு. ஆனாலும் எல்லாரும் முதலில் கை வைப்பது கடவுச்சொல்லில்தான். அதனால் இந்த வழிமுறையில் கடவுச்சொல்லை மாற்றும் பகுதியைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

இது மைஎஸ்க்யூஎல், அதிலிருந்து கிளைத்த மரியாடிபி இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடும் முன்

பிழைச் செய்தியின் முழு வரியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விவரங்கள் நமக்கு வேண்டும். தொடக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண், மேற்கோள் குறிக்குள் இருக்கும் பயனர் பெயரும் கணினிப் பெயரும், வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு எண் அல்லது சொல். பில்லிங் மென்பொருள் 'இணைப்பு தோல்வி' என்று மட்டும் காட்டினால் அது போதாது. சர்வர் இருக்கும் இயந்திரத்திலேயே டெர்மினலைத் திறந்து, அங்கிருந்து நுழைந்து பார்த்து, அது தரும் செய்தியை எடுங்கள்.

அடுத்து, செய்யவே கூடாத மூன்று.

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். இரண்டாவது, தரவுக் கோப்புறையில் இருக்கும் ஐபிடேட்டா1 என்ற கோப்பை நீக்காதீர்கள். எக்ஸ்ஏஎம்பிபி (வெப் சர்வரும் தரவுத்தளமும் ஒன்றாக வரும் தொகுப்பு) பயன்படுத்துவோரிடம் இது மருந்துச்சீட்டு போலச் சுற்றி வருகிறது: ஐபிடேட்டா1-ஐ நீக்கு, பேக்கப் கோப்புறையில் இருப்பதை எடுத்து டேட்டா கோப்புறையில் போடு, சர்வர் ஓடும் என்று. ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த பேக்கப் கோப்புறையில் இருப்பது நிறுவிய நாளின் வெற்றுத் தரவுத்தளம்; உங்கள் பேக்கப் அல்ல. இன்னோடிபி (தரவை டிஸ்க்கில் சேமிக்கும் உள்பகுதி) அட்டவணைகளின் அகராதியும் மீட்புத் தகவல்களும் ஐபிடேட்டா1-க்குள் இருக்கின்றன. சிவாஜிநகரில் ஒரு கிளினிக்கில் இப்படிச் செய்து நான்கு ஆண்டு நோயாளிப் பதிவுகளைத் தொலைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மீட்க எதுவும் மிஞ்சவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மூன்றாவது, டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும் சர்வராக இருந்தால் அதன் வால்யூமை, அதாவது தரவு இருக்கும் சேமிப்பிடத்தை, நீக்காதீர்கள். காரணம் 1045 பகுதியில் வருகிறது.

செய்ய வேண்டியது ஒன்று: சர்வரை நிறுத்த முடிந்தால் நிறுத்தி, தரவுக் கோப்புறை முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். உபுண்டு லினக்ஸில் அது வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் மைஎஸ்க்யூஎல் என்று இருக்கும். இந்த நகல் கையில் இருந்தால் இதன் பிறகு செய்யும் எந்தத் தவறையும் திருத்திவிடலாம்.

அறிகுறி: 2002, 'கேன்ட் கனெக்ட் டு லோக்கல் மைஎஸ்க்யூஎல் சர்வர்'

சர்வரை எட்டவே முடியவில்லை என்று பொருள். உங்கள் கடவுச்சொல்லை இன்னும் யாரும் பார்க்கவில்லை. வரியின் கடைசியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 என்றால் சாக்கெட் கோப்பே (அதே இயந்திரத்திலிருந்து சர்வரோடு பேசும் வாசல்) இல்லை. 111 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் மறுமுனையில் சர்வர் இல்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: சர்வர் ஓடவில்லை. 13 என்றால் அந்தக் கோப்பைத் தொட உங்கள் பயனருக்கு அனுமதி இல்லை. கட்டளைக்கு முன் சூடோ (இயந்திர நிர்வாகி உரிமை) போட்டு முயலுங்கள்.

முதல் சோதனை: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்'. ஓடவில்லை என்றால் ஒரே ஒரு முறை தொடங்கிப் பாருங்கள். தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது. தொடங்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது: 'டிஎஃப் ஹைஃபன் எச்'. எந்த டிஸ்க்காவது 100 சதவீதம் என்று காட்டினால் அதுதான் குற்றவாளி. 'டிஎஃப் ஹைஃபன் ஐ' என்றும் ஒருமுறை கேளுங்கள். இடம் இருந்தும் ஐனோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க் ஒதுக்கும் பதிவு) தீர்ந்துபோயிருக்கலாம்.

டிஸ்க்கை நிரப்புவது பெரும்பாலும் பைனரி லாக், அதாவது தரவில் நடந்த மாற்றங்களைச் சர்வர் எழுதிவைக்கும் பதிவு. மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது, 30 நாள் வரை சேர்த்து வைக்கிறது. பில் அதிகம் போடும் கடையில் சிறிய டிஸ்க் இதற்குத் தாங்காது. ஆனால் அந்தக் கோப்புகளை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். சர்வர் வைத்திருக்கும் பட்டியலுக்கும் டிஸ்க்கில் இருப்பதற்கும் பொருந்தாமல் போய், அது வேறு தலைவலியாக முடியும். முதலில் பழைய ஜர்னல் லாக்குகள், அப்டேட் மிச்சங்கள், யாரோ டெஸ்க்டாப்பில் போட்டு மறந்த ஜிப் கோப்புகள் ஆகியவற்றை நீக்கிச் சில நூறு எம்பி திரட்டுங்கள். சர்வர் எழுந்ததும் உள்ளே போய், 'பர்ஜ் பைனரி லாக்ஸ் பிஃபோர்' என்ற கட்டளையால் ஏழு நாளுக்கு முந்தையவற்றை நீக்குங்கள். ரெப்ளிகா சர்வர் (இதன் மாற்றங்களைப் படித்து நகலாக ஓடும் இன்னொரு சர்வர்) இருந்தால் அது அதுவரை படித்துவிட்டதா என்று பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது: எரர் லாக். உபுண்டுவில் வார், லாக், மைஎஸ்க்யூஎல் என்ற வழியில் இருக்கிறது. ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸில் வார், லாக் கோப்புறையிலேயே மைஎஸ்க்யூஎல்டி லாக் என்று இருக்கும். கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்று இருந்தால், யாரோ ரூட் பயனராக எதையோ நகலெடுத்ததில் கோப்புகளின் உரிமை மாறியிருக்கும். தரவுக் கோப்புறை முழுவதையும் மைஎஸ்க்யூஎல் பயனருக்கே திருப்பிக் கொடுங்கள். தரவுக் கோப்புறையைப் புது டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு இந்தச் செய்தி வந்தால் லினக்ஸின் பாதுகாப்புக் காவலர்களான ஆப்ஆர்மரோ எஸ்இலினக்ஸோ தடுக்கிறது. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் 3306 போர்ட்டை இன்னொரு சர்வர் பிடித்திருக்கிறது. எக்ஸ்ஏஎம்பிபி ஒன்று, தனியாக நிறுவிய மைஎஸ்க்யூஎல் இன்னொன்று என்று இரண்டு இருக்கும் இயந்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்தடைக்குப் பிறகு என்றால் பொறுமை வேண்டும். பாதியில் நின்ற சர்வர் மறுபடி எழும்போது இன்னோடிபி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. பெரிய தரவுத்தளத்தில் இதற்குக் கணிசமான நேரம் பிடிக்கும். லாக்கில் வரிகள் நகர்ந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். 'நின்றுவிட்டது' என்று நினைத்து மறுபடி பவரை அணைப்பதுதான் உண்மையான சேதத்தை உண்டாக்குகிறது.

இன்னோடிபி பழுது என்று லாக் சொல்லி, சர்வர் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி' என்ற அமைப்பை 6 என்று வைக்கச் சொல்லும் அறிவுரைகள் கண்ணில் படும். அதன் மதிப்பு 4-ஐத் தொட்டாலே தரவுக் கோப்புகள் நிரந்தரமாகக் கெடலாம். இது தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய இடம்.

அறிகுறி: 2003, வேறு கணினியிலிருந்து மட்டும் வராது

சர்வர் இயந்திரத்தில் உட்கார்ந்தால் நுழைய முடிகிறது, மேலாளரின் கணினியிலிருந்து முடியவில்லை. மறுபடியும் கடைசி எண்ணைப் பாருங்கள். 111 அல்லது விண்டோஸில் 10061 என்றால் அழைப்பு போய்ச் சேர்ந்தது, அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. உபுண்டுவில் பைண்ட் அட்ரஸ் (சர்வர் எந்த முகவரியில் கேட்கும் என்ற அமைப்பு) 127.0.0.1 என்றே வருவதால், சர்வர் தன்னோடு மட்டும்தான் பேசும். 110 என்றால் நேரம் கடந்துவிட்டது. வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது. கிளவுடு சர்வர் என்றால் செக்யூரிட்டி குரூப்பைப் பாருங்கள்.

இங்கே எளிதான வழி ஒன்று எல்லாருக்கும் தோன்றும்: பைண்ட் அட்ரஸை நான்கு பூஜ்யமாக்கி, 3306-ஐ இணையத்துக்கே திறந்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். நிர்வாகிக் கணக்குக்கு வெளியிலிருந்து வழி வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கம் செய்த தனி வழி) போடுங்கள். ஒரு வரிக் கட்டளைதான்.

அறிகுறி: 1045, கடைசியில் 'யூசிங் பாஸ்வேர்ட்: நோ'

கடவுச்சொல் தவறு என்று சர்வர் சொல்லவில்லை. கடவுச்சொல்லே வரவில்லை என்கிறது. கட்டளையில் ஹைஃபன் பி போட மறந்திருப்பீர்கள். மென்பொருளிலிருந்து வந்தால் அதன் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வரி காலியாக இருக்கிறது, அல்லது மென்பொருள் அந்தக் கோப்பைப் படிக்கவே இல்லை.

இன்னொரு விஷயம்: ஹைஃபன் பி-க்குப் பிறகு இடைவெளி விட்டுக் கடவுச்சொல்லை அடித்தால், அந்தக் கட்டளை அதைத் தரவுத்தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். பிறகு கடவுச்சொல்லைக் கேட்கும். சரியாகக் கொடுத்தால் 1049, 'அன்நோன் டேட்டாபேஸ்' என்று சொல்லி உங்கள் கடவுச்சொல்லையே திரையில் எழுதிக்காட்டும். பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் அன்றே அதை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: 1045, கடைசியில் 'யூசிங் பாஸ்வேர்ட்: எஸ்'

இதுதான் அதிகம் வரும் செய்தி, காரணங்களும் இதற்குத்தான் அதிகம். மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

விசைப்பலகை. டெர்மினலில் கடவுச்சொல் அடிக்கும்போது எதுவும் தெரியாது. கேப்ஸ் லாக் எல்லாரும் பார்ப்பார்கள். பெங்களூரு அலுவலகங்களில் நான் முதலில் கேட்பது வேறு: கடைசியாக யார் கன்னடத்திலோ தமிழிலோ அடித்தார்கள்? வாடிக்கையாளர் பெயரைக் கன்னடத்தில் அடித்துவிட்டு, விசைப்பலகையை மாற்றாமல் விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கன்னட எழுத்துகள் விழுந்துகொண்டிருக்கும். நோட்பேடில் ஏதாவது நாலு எழுத்து அடித்துப் பாருங்கள், ஐந்து நொடி வேலை.

ஒட்டிய கடவுச்சொல். வாட்ஸ்ஆப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்தால் முன்னும் பின்னும் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கையால் அடித்துப் பாருங்கள்.

சிறப்புக் குறிகள். கடவுச்சொல்லில் டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்து, அதைக் கட்டளை வரியிலேயே அடித்தால் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் நிரல்) அதற்குத் தன் விருப்பப்படி பொருள் கொள்ளும். கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதாமல், அது கேட்கும்போது அடியுங்கள். கோப்பில் எழுதும்போது வேறொரு கண்ணி இருக்கிறது: அமைப்புக் கோப்பில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வருவது எல்லாம் வெறும் குறிப்பாகக் கருதப்படும். கடவுச்சொல்லில் ஹேஷ் இருந்தால் அதன் பாதி காணாமல் போகும். முழுவதையும் மேற்கோளுக்குள் போடுங்கள்.

சேமித்து வைத்த பழைய கடவுச்சொல். உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மை டாட் சிஎன்எஃப் கோப்பு ஒன்று இருக்கலாம். முன்பு வேலை பார்த்தவர் போட்டுவிட்டுப் போயிருப்பார். 'மைஎஸ்க்யூஎல் பிரின்ட் டிஃபால்ட்ஸ்' என்று கேட்டால் எந்தெந்த அமைப்புகள் தானாகச் சேர்கின்றன என்று காட்டும். பிரவுசர் வழியாகத் தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினும் இதே வகைதான். ரூட் கடவுச்சொல்லை மாற்றிய அன்றே அது 1045 காட்டத் தொடங்கினால், அதன் கான்ஃபிக் கோப்பில் பழைய கடவுச்சொல் உட்கார்ந்திருக்கிறது.

தவறான சர்வர். 'எஸ்எஸ்' கட்டளையால் எந்தப் போர்ட்டில் எது கேட்கிறது என்று பாருங்கள். 3306-இல் ஒன்றும் 3307-இல் ஒன்றும் இருந்தால், நீங்கள் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவாக இருக்கலாம்.

லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 இரண்டும் ஒன்றல்ல. லினக்ஸில் முதலாவது சாக்கெட் வழியாகப் போகும், இரண்டாவது நெட்வொர்க் வழியாகப் போகும். 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' (முகவரியைப் பெயராக மாற்றிப் பார்க்காத அமைப்பு) இயங்கும் சர்வரில் ரூட் கணக்கு லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் இருந்தால், 127.0.0.1 வழியாக வருபவரைச் சர்வர் அடையாளம் காணாது. பிழைச் செய்தியில் அட் குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். மைஎஸ்க்யூஎல்லில் பெயரும் இடமும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு.

பெயரில்லாக் கணக்கு. பழைய சர்வர்களில் இன்னும் இருக்கிறது. சர்வர் கணக்குகளைப் பார்க்கும்போது இடம் குறிப்பாக எழுதப்பட்டதை முதலில் பொருத்தும். ஆகவே 'எந்த இடத்திலிருந்தும்' என்று நீங்கள் உருவாக்கிய நிர்வாகிக் கணக்கைவிட, லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் பெயரில்லாக் கணக்கு முந்திக்கொள்ளும். வெளியிலிருந்து நுழைய முடிகிறது, சர்வரிலிருந்தே முடியவில்லை என்ற விசித்திரமான அறிகுறிக்கு இதுதான் காரணம். வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பெயரில்லாக் கணக்கை நீக்குங்கள்.

டாக்கர். கம்போஸ் கோப்பில் (டாக்கரின் அமைப்புக் கோப்பு) ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, புதியது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. அந்த வரி, தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தின்போது மட்டுமே படிக்கப்படும். அதன் பிறகு எத்தனை முறை மாற்றினாலும் சர்வர் திரும்பிப் பார்க்காது. பழைய கடவுச்சொல்தான் செல்லும். வால்யூமை நீக்கினால் புதியது வேலை செய்யும் என்பது உண்மை, ஏனென்றால் உங்கள் தரவு மொத்தமும் போய்ச் சர்வர் மறுபடி பிறக்கிறது. பழையதைத் தேடி எடுத்து உள்ளே போய் முறையாக மாற்றுங்கள்.

கடைசிக் காரணம், கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஒரு கடையில் புது சர்வருக்குப் பழைய சர்வரின் முழு டம்ப்பையும் (தரவை எழுதியெடுத்த நகல் கோப்பு) இறக்கினார்கள். அன்று எல்லாம் நன்றாக ஓடியது. மறுநாள் காலை சர்வரை மறுதொடக்கம் செய்ததும் ரூட் நுழையவில்லை. 'ஆல் டேட்டாபேசஸ்' என்று எடுத்த டம்ப்பில் கணக்குகள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் சேர்ந்து வரும். அது புதிய கணக்குகளின் மேல் பழையவற்றை எழுதிவிட்டது. நினைவகத்தில் இருந்தவை மறுதொடக்கம் வரை தாக்குப்பிடித்தன. பழைய சர்வரின் கடவுச்சொல்லைப் போட்டதும் கதவு திறந்தது.

அறிகுறி: 1698

இங்கே மாற்றுவதற்குக் கடவுச்சொல்லே இல்லை. உபுண்டுவின் மைஎஸ்க்யூஎல்லிலும், 10.4 முதல் மரியாடிபியிலும் ரூட் கணக்கு சாக்கெட் முறையில் வருகிறது. நீங்கள் அந்த இயந்திரத்தின் ரூட் என்றால் மட்டும் உள்ளே விடும். 'சூடோ மைஎஸ்க்யூஎல்' என்று அடியுங்கள், போதும்.

இதை 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறைக்கு மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். சாக்கெட் முறை நல்ல பூட்டு. பிஎச்பிமைஅட்மினுக்கோ வொர்க்பெஞ்ச் என்ற நிர்வாக மென்பொருளுக்கோ நிர்வாகி தேவையென்றால், ரூட்டாக உள்ளே போய், வேறு பெயரில் கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கை உருவாக்கித் தேவையான உரிமைகளைக் கொடுங்கள்.

அறிகுறி: 1130 அல்லது 1129

1130 வந்தால், உங்கள் கணினி முகவரிக்கு அந்தச் சர்வரில் எந்தக் கணக்கும் இல்லை. வீட்டு பிராட்பேண்டிலிருந்து நுழைபவர்களுக்கு இது திடீரென வரும். ரவுட்டர் மறுதொடக்கம் ஆனதும் ஐபி முகவரி மாறியிருக்கும். இதற்கும் டனல்தான் நல்ல தீர்வு.

1129 என்றால் உங்கள் கணினியைச் சர்வர் தடுத்துவைத்திருக்கிறது. தொடர்ந்து 100 இணைப்புகள் பாதியில் அறுந்தால் அப்படிச் செய்யும். உள்ளூரிலிருந்து நுழைந்து, பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் ஹோஸ்ட் கேஷ் அட்டவணையை ட்ரங்கேட் செய்தால் தடை நீங்கும். ஆனால் ஏன் அறுந்தது என்று தேடாவிட்டால் அடுத்த வாரமே திரும்ப வரும். கேபிள், சுவிட்ச், போர்ட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு மென்பொருள், இந்த வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: 1040, 'டூ மெனி கனெக்ஷன்ஸ்'

இயல்பான வரம்பு 151 இணைப்புகள். அதற்கு மேல் ஓர் இருக்கை நிர்வாகிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் நிர்வாகியால் நுழைய முடியவில்லை என்றால், பில்லிங் மென்பொருளே ரூட் கணக்கில் ஓடுகிறது என்று பொருள். உங்கள் இருக்கையில் அது உட்கார்ந்துவிட்டது. மென்பொருளுக்குத் தனிக் கணக்கு கொடுங்கள் என்று நான் ஒவ்வொரு கடையிலும் மன்றாடுவது இதனால்தான்.

இப்போதைக்கு, அந்த மென்பொருள் ஓடும் கணினிகளில் ஓரிரண்டை மூடுங்கள். ஓர் இடம் காலியாகும். உள்ளே போய் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' பாருங்கள். 'ஸ்லீப்' என்று மணிக்கணக்கில் தூங்குபவற்றை நீக்குங்கள். சும்மா இருக்கும் இணைப்பை எட்டு மணி நேரம், அதாவது 28800 நொடி, விட்டுவைப்பது சர்வரின் இயல்பு. சிறு கடைக்கு அத்தனை நேரம் தேவையில்லை, குறைத்துவிடலாம். மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் நிர்வாகிக்கென்று 33062 என்ற தனிப் போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். அமைதியான நாளில் அதை அமைத்து வையுங்கள்.

அறிகுறி: சில நேரம் நுழைகிறது, சில நேரம் இல்லை

பீன்யாவில் ஒரு லேத் பட்டறை. மின்தடை வந்துபோன ஒவ்வொரு முறையும் ஜாவாவில் எழுதிய அறிக்கை மென்பொருள் தரவுத்தளத்துக்குள் போகாது. மேற்பார்வையாளர் அண்ணன் அதே கணக்கில் வொர்க்பெஞ்ச் வழியாக ஒருமுறை நுழைவார். அதன் பிறகு மென்பொருளும் நுழைந்துவிடும். கை ராசி என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள்.

2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் கடவுச்சொல் சரிபார்ப்புக்கு 'கேஷிங் ஷா2' என்ற முறை இயல்பாக இருக்கிறது. முதல்முறை நுழைபவர் மறையாக்கம் செய்த வழியில் வர வேண்டும். வந்துவிட்டால் சர்வர் அவரை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சாதாரண வழியும் போதும். சர்வர் மறுதொடக்கம் ஆனால் அந்த நினைவு அழிந்துவிடும். வொர்க்பெஞ்ச் மறையாக்கத்துடன் போகிறது, அந்தப் பழைய மென்பொருள் அப்படிப் போகவில்லை. மென்பொருளின் இணைப்பு அமைப்பில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தை இயக்கினோம். அதன் பிறகு எத்தனை மின்தடை வந்தாலும் சிக்கல் இல்லை. இந்த வகையில் வரும் செய்திகள்: 2061, அல்லது ஜாவாவில் 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுட்'.

2059 வந்தால் உங்கள் கிளையன்ட் மிகப் பழையது; இந்த முறையே அதற்குத் தெரியாது. கனெக்டரைப் புதுப்பியுங்கள். சர்வரை 8.4-க்கு உயர்த்திய பிறகு 1524 வந்தால் நிலைமை தலைகீழ்: பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறை அந்தப் பதிப்பில் அணைத்தே வருகிறது. அமைப்புக் கோப்பில் தற்காலிகமாக இயக்கிக் கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றுங்கள். 9.0-இல் அது அடியோடு நீக்கப்பட்டுவிட்டதால் தள்ளிப்போட முடியாது.

அறிகுறி: 1820, 1862, 3118, 3955

முதல் இரண்டும் கடவுச்சொல் காலாவதி. 1820-இல் உள்ளே விட்டுவிட்டு, கடவுச்சொல்லை மாற்றும்வரை வேறு எதையும் செய்ய விடாது. 'ஆல்டர் யூசர்' போட்டு மாற்றுங்கள். 1862-இல் உள்ளேயே விடாது, சாதாரண டெர்மினல் கிளையன்ட் வழியாக வந்தால் 1820 நிலைக்குப் போகலாம். 3118 என்றால் கணக்கை யாரோ பூட்டியிருக்கிறார்கள். இன்னொரு நிர்வாகிதான் திறக்க வேண்டும். 3955 தவறான முயற்சிகளால் வந்த தற்காலிகத் தடை. காத்திருங்கள், அதோடு அத்தனை முறை தவறாக முயன்றது யார் என்று விசாரியுங்கள்.

கடவுச்சொல் உண்மையிலேயே தொலைந்திருந்தால்

முதலில் மறந்துபோன சாவிகளைத் தேடுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் புதிதாக நிறுவிய சர்வர் என்றால், தற்காலிகக் கடவுச்சொல் எரர் லாக்கில் 'டெம்பரரி பாஸ்வேர்ட்' என்ற வரியில் இருக்கிறது. உபுண்டுவில் இடிசி, மைஎஸ்க்யூஎல் கோப்புறையில் டெபியன் சிஎன்எஃப் என்ற கோப்பு இருக்கும். அதில் 'டெபியன் சிஸ் மெயின்ட்' என்ற நிர்வாகிக் கணக்கும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கும். சூடோ உரிமை உள்ளவர் அதைக் கொண்டு நுழைந்து ரூட்டைச் சரிசெய்யலாம். சர்வரை நிறுத்தவே வேண்டாம்.

இரண்டும் இல்லை என்றால் இனிட் ஃபைல் (சர்வர் தொடங்கும்போது படித்து இயக்கும் கோப்பு) முறை. கடவுச்சொல்லை மாற்றும் 'ஆல்டர் யூசர்' வரியை ஒரு கோப்பில் எழுதி, மைஎஸ்க்யூஎல் பயனரால் மட்டும் படிக்க முடியும்படி வையுங்கள். உபுண்டுவில் அதை ஹோம் கோப்புறையில் வைத்தால் ஆப்ஆர்மர் தடுக்கும். வார், லிப், மைஎஸ்க்யூஎல் ஃபைல்ஸ் கோப்புறையில் வையுங்கள். அமைப்புக் கோப்பில் அதன் பாதையை இனிட் ஃபைல் என்று குறித்துச் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். நுழைந்து பார்த்ததும் அந்த வரியையும் கோப்பையும் நீக்குங்கள். மறந்துவிட்டால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அதே கடவுச்சொல் திரும்ப வரும், அதுவும் மறையாக்கம் இல்லாத வெற்று எழுத்தில் டிஸ்க்கில் கிடக்கும்.

'ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்' முறையை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். அது ஓடும் நேரமெல்லாம் கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழையலாம். மைஎஸ்க்யூஎல் 8.0 தானே நெட்வொர்க்கை மூடிக்கொள்கிறது, 5.7-இலும் மரியாடிபியிலும் 'ஸ்கிப் நெட்வொர்க்கிங்' என்பதை நீங்கள் சேர்க்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்', அதன் பிறகே 'ஆல்டர் யூசர்'. வரிசை மாறினால் 1290 வரும். முடிந்ததும் சாதாரண முறையில் மறுதொடக்கம் செய்துவிட்டீர்களா என்று இரண்டு முறை சரிபாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

தரவுக் கோப்புறையின் நகல் எடுக்கும்போதே படிக்க முடியாத கோப்புகள் வந்தால், அல்லது கர்னல் லாக்கில் 'ஐஓ எரர்' தெரிந்தால் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தரவு மீட்பு செய்பவரிடம் போங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிஸ்க் இன்னும் கொஞ்சம் சாகிறது. இன்னோடிபி பழுது பற்றி மேலே சொல்லிவிட்டேன். ரெப்ளிகா உள்ள அமைப்பில் கணக்குகளைத் தொடுவதற்கு முன்னும் அதை அமைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உள்ளே போனபின் உங்களுக்குத் தெரியாத கணக்குகள் இருந்தாலோ, அட்டவணைகள் காணாமல் போய்ப் பணம் கேட்கும் ஒரே ஓர் அட்டவணை மட்டும் இருந்தாலோ, அது உள்நுழைவுச் சிக்கல் அல்ல. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். எதையும் அழிக்காதீர்கள், லாக்குகளைத் தனியே நகலெடுங்கள். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஊடுருவலை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் உடனே அழையுங்கள்.

அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: முதலில் எடுத்த அந்தப் படம், எரர் லாக்கின் கடைசிப் பகுதி, மைஎஸ்க்யூஎல்லா மரியாடிபியா, எந்தப் பதிப்பு, அதுவரை நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள். கடைசியில் சொன்னதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறோம்.